மறுதலை உண்மையா? கேட்டுப் பாருங்கள்



இந்த மாதம் கேத்திரகணிதம் பற்றிப் பேசப் போகிறேன். பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படிப் புரட்டியவள்தான். சாதாரண தரத்தில் கணிதத்தைத் தட்டுத்தடுமாறிச் சித்தியடைந்து, இனி முக்கோணியும் வட்டமும் நமக்கு வேண்டாம் என்று சமூகவியல் படிக்கப் போனவள். ஆனால் சமூகப் பணிக்கு வந்த பின்னர் ஒன்றைக் கண்டேன். குடும்பங்களுக்குள் வரும் பல சண்டைகளின் அடியில் ‘என்றால்’ என்ற ஒரு சின்னச் சொல் கிடக்கிறது. அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நாம் ஒருவரை ஒருவர் காயப்படுத்துகிறோம். அந்தச் சொல்லைச் சரியாகப் பிடிக்கக் கற்றுத்தரும் பாடம்தான் கேத்திரகணிதம். இதை எனக்குப் புரியவைத்தவர் பேராசிரியர் அல்லர், தரம் 11இல் படிக்கும் ஒரு பிள்ளை.

திகனயில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் தாய்மார் கூட்டம் ஒன்று நடத்துகிறோம். ஒருநாள் கூட்டம் முடிந்தும் ஒரு தாய் எழுந்து போகாமல் இருந்தார். பக்கத்தில் அவருடைய மகள், குனிந்த தலையோடு. பையிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்துத் தந்தார்.

“மிஸ், கணக்குல இருபத்தெட்டுப் புள்ளி. போன தவணை நாப்பத்தஞ்சு எடுத்தவ. ராத்திரி பூரா தேற்றத்தை எல்லாம் சத்தம் போட்டுப் படிக்கிறா. எப்பிடி மிஸ் குறையும்?”

சித்தியடைய 35 புள்ளிகள் வேண்டும். கணிதம் தவறினால் உயர்தரத்துக்குப் போகும் வழி எவ்வளவு குறுகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். தாளைப் பார்த்தேன். ஒரு கேள்வியில் ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் சமமாகவும் சமாந்தரமாகவும் உள்ள நாற்பக்கல் ஒன்றைத் தந்து, அது ஓர் இணைகரம் என நிறுவச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை முதல் வரியிலேயே எழுதியிருந்தாள்: “இது ஓர் இணைகரம். ஆகவே மற்ற எதிர்ப்பக்கங்களும் சமம்.” பிறகு பத்து வரி சுற்றி, “ஆகவே இது ஓர் இணைகரம்” என்று முடித்திருந்தாள். ஆசிரியர் முழுவதையும் சிவப்பு மையால் வெட்டியிருந்தார்.

“எழுதினது எல்லாம் சரிதானே மிஸ்? இணைகரத்துல எதிர்ப்பக்கங்கள் சமம்தானே?” என்று பிள்ளை கேட்டாள்.

உண்மைதான், இணைகரத்தில் எதிர்ப்பக்கங்கள் சமம்தான். ஆனால் அது இணைகரமா என்பதுதானே கேள்வி? ஒருவன் திருடினானா என்று விசாரிக்க வந்த நீதவான், “இவன் திருடன், ஆகவே திருடியிருப்பான், ஆகவே இவன் திருடன்” என்று தீர்ப்புச் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? நிறுவ வேண்டியதையே தரவாக எடுத்துக்கொண்டாள் அந்தப் பிள்ளை. தேற்றங்கள் மனப்பாடம்தான். எந்தத் தேற்றம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவளையும் தோழிகள் நால்வரையும் வைத்துக்கொண்டு நானும் பாடப்புத்தகத்தைப் பிரித்தேன். எனக்குப் புரிந்த பாஷையில் ஆரம்பித்தேன். அது அடுப்படிப் பாஷை.

“சோறு வெந்துவிட்டது என்றால் அம்மா அடுப்பை அணைத்துவிடுவார்.” இதை உண்மையென்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வீட்டுக்குள் வருகிறீர்கள். அடுப்பு அணைந்திருக்கிறது. சோறு வெந்துவிட்டதா?

“ஆமா” என்றார்கள் எல்லோரும். ஒருத்தி மட்டும், “காஸ் முடிஞ்சிருந்தா?” என்றாள். 2022ஆம் ஆண்டில் காஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற குடும்பத்துப் பிள்ளை. அவளுக்குத் தெரியும்.

முதற் கூற்று உண்மையாக இருக்கலாம். அதைத் திருப்பிப் போட்டு “அடுப்பு அணைந்திருந்தால் சோறு வெந்திருக்கும்” என்றால் அது வேறொரு கூற்று. இப்படித் திருப்பிப் போட்டதைத்தான் பாடப்புத்தகம் ‘மறுதலை’ என்கிறது. “சோறு வேகவில்லை என்றால் அடுப்பு அணைந்திருக்காது” என்பதும் அதே போலத்தான், நம்ப முடியாது. ஆனால் “அடுப்பு இன்னும் எரிகிறது என்றால் சோறு வேகவில்லை” என்பது நிச்சயம். வெந்திருந்தால்தான் அம்மா அணைத்திருப்பாரே! திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் ‘இல்லை’ சேர்த்தால் உண்மை மாறுவதில்லை. திருப்பிப் போடுவது மட்டும், அல்லது ‘இல்லை’ சேர்ப்பது மட்டும் என்றால் உத்தரவாதம் இல்லை.

இனிக் கேத்திரகணிதத்துக்கு வருவோம். சதுரம் என்றால் அதன் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும். இது உண்மை. மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டினால் அது சதுரமா? பிள்ளைகள் தயங்கினார்கள். ஈர்க்கு இரண்டைக் குறுக்காகக் கட்டித் தம்பிமார் விடும் பட்டத்தை நினைக்கச் சொன்னேன். நெட்டு ஈர்க்கும் குறுக்கு ஈர்க்கும் செங்குத்தாகத்தான் நிற்கின்றன. பட்டம் சதுரம் இல்லையே! பொருந்தாத உதாரணம் ஒன்று போதும், கூற்று விழுந்துவிடும். ஆனால் பொருந்தும் உதாரணம் நூறு காட்டினாலும் கூற்று நிறுவப்பட்டதாகாது.

அப்படியானால் மறுதலை எல்லாம் பொய்யா? அதுவும் இல்லை. ஒரு முக்கோணியின் இரு பக்கங்கள் சமம் என்றால் அவற்றுக்கு எதிரேயுள்ள கோணங்கள் சமம். இதன் மறுதலையும் உண்மை. கோணங்கள் இரண்டு சமம் என்றால் எதிர்ப்பக்கங்களும் சமம். ஆனால் ஒன்று உண்மை என்பதற்காக மற்றதும் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைத் தனியாக நிறுவ வேண்டும். ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்னர் அலெக்சாந்திரியாவில் யூக்கிளிட் எழுதிய 13 பாகங்கள் கொண்ட நூலில், முதற் பாகத்தின் 5ஆம் தேற்றம் முதலாவது, 6ஆம் தேற்றம் அதன் மறுதலை. நமக்குப் பைதகரஸின் பெயரால் தெரிந்த தேற்றம் 47ஆவது, அதன் மறுதலை 48ஆவது. இரண்டிரண்டாக, தனித்தனி நிறுவல்களோடு எழுதி வைத்தார். ‘திருப்பிப் போட்டால் போதும்’ என்று அவர் விட்டுவிடவில்லை.

இவ்வளவும் நடந்து இரண்டு வாரம் ஆகியிருக்காது. ஒரு மாலை அந்தத் தாய் என்னைத் தேடி வந்தார். அழுது கண் வீங்கியிருந்தது.

“மிஸ், புள்ளைய நிப்பாட்டப் போறாங்க. அவங்க அப்பா முடிவு பண்ணிட்டாரு. பரீட்சைக்கு மூணு மாசம்தான் இருக்கு.”

விடயம் இதுதான். தகப்பனுடைய போனைப் பிள்ளை பாடத்துக்குப் பாவிப்பாள். சில நாட்களாக யாராவது பக்கத்தில் வந்தால் போனைச் சட்டென்று கவிழ்த்து வைக்கிறாளாம். சில செய்திகளை அழித்தும் இருக்கிறாளாம். “காதல் கீதல்னு இருந்தாத்தான் போனை மறைப்பாளுக” என்று பக்கத்து லயத்தில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது வீட்டுக்குள் வந்து தீயாகப் பற்றிக்கொண்டது.

அன்றிரவே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பாயி வாசலிலேயே ஆரம்பித்தார். “நல்ல புள்ளைன்னா வெளக்கு வைக்க முன்ன வீட்டுக்கு வந்துரணும். இவ வகுப்பு வகுப்புன்னு இருட்டுனதுக்குப் பொறகு வாறா. அப்ப நல்ல புள்ளையா இவ?”

சகோதரிகளே, இங்கே இரண்டு வாதங்கள் இருக்கின்றன. கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிப் பிழையல்ல.

போன் வாதம்: காதல் இருந்தால் போனை மறைப்பாள். மறைக்கிறாள். ஆகவே காதல். இது நம் அடுப்புக் கதையேதான். அடுப்பு அணைந்திருக்கிறது, ஆகவே சோறு வெந்துவிட்டது. முதற் கூற்றை ஒப்புக்கொண்டாலும் முடிவு வந்து சேராது.

அப்பாயியின் வாதம் வேறு. நல்ல பிள்ளை என்றால் விளக்கு வைக்குமுன் வருவாள். இவள் வரவில்லை. ஆகவே நல்ல பிள்ளை இல்லை. இதன் கட்டமைப்பில் பிழையே இல்லை! எரியும் அடுப்பைப் பார்த்துச் சோறு வேகவில்லை என்று சொல்வதைப் போல நேரான வாதம். இங்கே பிழை தொடக்கத்திலேயே இருக்கிறது. நல்ல பிள்ளைகள் எல்லோரும் விளக்கு வைக்குமுன் வந்துவிடுவார்கள் என்று யார் நிறுவினார்கள்? வகுப்பு முடிவதே ஆறு மணிக்கு, அதற்குப் பிறகு பஸ் வர வேண்டும் என்றால், எவ்வளவு நல்ல பிள்ளையும் இருட்டிய பின்தான் வருவாள். அத்திவாரம் சரியில்லாவிட்டால் சுவர் எவ்வளவு நேராக இருந்தும் பயன் இல்லை. ஆகவே ஒரு வாதத்தைக் கேட்கும்போது இரண்டு கேள்விகள் வேண்டும். தொடக்கம் உண்மையா? தொடக்கத்திலிருந்து முடிவு வந்து சேருகிறதா?

தகப்பன் கட்டட வேலை செய்பவர். பேசாமல் மூலையில் இருந்தார். அவரிடம் நான் போனைப் பற்றிக் கேட்கவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டேன்.

“அண்ணே, அத்திவாரம் போடும்போது மூலை சரியா இருக்குன்னு எப்படிப் பார்ப்பீங்க?”

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “மூலையில இருந்து ஒரு பக்கம் மூணு அடி, மத்தப் பக்கம் நாலு அடி அளந்து குறி வைக்கிறது மிஸ். குறிக்குக் குறி அஞ்சு அடி வந்துச்சின்னா மூலை சரி. வரலன்னா கயித்தை நவுத்தணும். எங்க பாஸ் சொல்லிக் குடுத்தது.”

அறைக்குள்ளிருந்து பிள்ளையின் குரல் மெதுவாக வந்தது. “அப்பா, அது பைதகரஸோட மறுதலை.”

எல்லோரும் திரும்பினோம். அவள் வாசலில் நின்று சொன்னாள். மூலை செங்கோணம் என்றால் மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும், அதாவது 9உம் 16உம் கூடி ஐந்தின் வர்க்கமான 25 ஆகும். அது தேற்றம். அப்பா செய்வது அதைத் திருப்பி. நீளங்கள் பொருந்துகின்றன, ஆகவே மூலை செங்கோணம். “மறுதலை உண்மைன்னு நிறுவியிருக்கிறதாலதான் அப்பா கட்டுற வீடு கோணலா இல்லாம நிக்குது. நிறுவாத மறுதலைய நம்ப ஏலாதுன்னு மிஸ் சொல்லிக் குடுத்தாங்க.”

தகப்பன் மகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாம் செய்துவந்த வேலைக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்பதை அவர் அன்றுதான் அறிந்தார் போலும்.

“அண்ணே, போனை மறைக்கிறதுக்குக் காதலைத் தவிர வேறு காரணமே இருக்க முடியாதா?” என்று கேட்டேன். “இருக்கலாம்” என்றார். “வேறு காரணம் இருக்கலாம் என்பதால் காதல் இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். தெரியாது, அவ்வளவுதான். தெரியாததை அவளிடம்தான் கேட்க வேண்டும். அடித்துக் கேட்டால் பொய்தான் வரும்.”

தாயும் நானும் மட்டும் பிள்ளையோடு உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து அவளே போனை எடுத்துக் காட்டினாள். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு பரிசோதனையின் புள்ளியும் எல்லோர் பெயரோடும் வந்திருக்கிறது. அவளுடையவை 22, 19, 28. முதல் இரண்டு வந்த செய்திகளையும் அழித்திருந்தாள். “அப்பா கல்லு தூக்கிப் படிக்க வைக்கிறாரு. பாத்தா மனசு ஒடைஞ்சு போயிருவாருன்னு...” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. தாய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

தோழியரே, ஒரு வீட்டுக்குள் நடந்தது இது. இதே பிழை ஓர் ஊருக்குள் நடந்தால் என்ன ஆகும் என்று திகனக்காரர்களாகிய எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் சிலர் ஒரு லொறிச் சாரதியைத் தாக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் அவர் இறந்தார். தாக்கியவர்கள் ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அதைத் திருப்பிப் போட்டார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் குற்றவாளிகள்! மார்ச் 5ஆம் திகதி திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. தீயில் ஓர் இளைஞரின் உயிரும் போனது. மறுநாள் நாட்டில் அவசரகால நிலை பிரகடனமானது. வதந்தி பரவாமல் தடுக்கச் சமூக ஊடகங்களும் சில நாட்கள் முடக்கப்பட்டன. தனது தளம் அந்த வெறுப்பைப் பரப்பப் பயன்பட்டதற்காக 2020இல் பேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. தீ வைத்தவர்களை நடத்தியது வெறும் தர்க்கப் பிழை என்று நான் சொல்லவில்லை. வெறுப்பும் திட்டமும் அதில் இருந்தன. ஆனால் வீட்டில் இருந்துகொண்டு, “அவங்க எல்லாம் அப்பிடித்தான்” என்று தலையாட்டிய நம் போன்றவர்கள் செய்தது அந்தப் பிழைதான்.

இன்னொன்றும் நினைவிருக்கும். 2020 ஆகஸ்ட் 29ஆம் திகதி இரவும், அந்த ஆண்டின் இறுதி மாதங்களிலும் எங்கள் பகுதியில் நிலம் லேசாக அதிர்ந்தது. கல் உடைக்க வெடி வைத்தால் நிலம் அதிரும். நிலம் அதிர்ந்தது. ஆகவே வெடிதான் என்றார்கள் சிலர். 122 மீற்றர் உயர விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம்தான் என்றார்கள் வேறு சிலர். எது காரணம் என்று அதிர்வை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. அதற்குத்தான் பல்லேகலயில் நில அதிர்வுகளைப் பதியும் நிலையம் இருக்கிறது. பதிவைப் பார்த்து, இடத்தையும் ஆழத்தையும் கணித்து, ஒவ்வொரு காரணமாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். சந்தேகம் எழுப்புவது நம் உரிமை. தீர்ப்புச் சொல்ல நிறுவல் வேண்டும்.

“இதெல்லாம் படித்தவர்களுக்குத்தான் புரியும்” என்று எண்ண வேண்டாம். பீற்றர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1966இல் ஒரு புதிரை வெளியிட்டார். அதைத் தமிழுக்கு மாற்றி எங்கள் தாய்மார் கூட்டத்தில் வைத்தேன். நான்கு அட்டைகள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை: அ, க, 4, 7. “ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டை எண்” என்ற விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? பலர் ‘அ’வையும் 4ஐயும் சொன்னார்கள். விடை ‘அ’வும் 7உம். 4இன் பின்னால் எது இருந்தாலும் விதி மீறப்படாது. 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் மீறல். வருந்த வேண்டாம், பல்கலைக்கழக மாணவர்களிலும் பெரும்பாலானோர் இதில் தவறுகிறார்கள்.

பிறகு இதையே எங்கள் சேமிப்புச் சங்கக் கணக்காக மாற்றினேன். “கடன் எடுத்தவர் என்றால் பிணைக் கையெழுத்து இருக்க வேண்டும்.” நான்கு பேர்: கடன் எடுத்தவர், எடுக்காதவர், பிணை உள்ளவர், பிணை இல்லாதவர். யாரைச் சோதிப்பீர்கள்? கேள்வி முடியுமுன்னே பதில் வந்தது. “கடன் எடுத்தவரையும் பிணை இல்லாதவரையும்!” புதிர் ஒன்றேதான். 1982இல் புளோரிடாவில் மாணவர்களிடம் மதுவையும் வயதையும் வைத்துக் கேட்டபோதும் பெரும்பாலானோர் சரியாகச் சொன்னார்கள். தர்க்கம் நம்மிடம் இருக்கிறது. பழகிய இடத்தில் அதைப் பயன்படுத்துகிறோம். கோபத்திலும் பயத்திலும் மறந்துவிடுகிறோம்.

நம் மரபுக்கும் இது புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், அறவண அடிகள் மணிமேகலைக்கு வாதத்தின் உறுப்புகளைக் கற்பிக்கிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்பதற்கு அங்கே வரும் எடுத்துக்காட்டு எது தெரியுமா? அடுக்களை! புகை இருந்தால் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு இருந்தால் புகை உண்டா? தணலைப் பாருங்கள். அடுக்களையில் நிற்கும் நம்மை விட இதை யார் அறிவார்?

அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்கவில்லை. வகுப்பு முடியும் நேரத்துக்குத் தகப்பன் இப்போது பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார். கடைசியாக நடந்த பரிசோதனையில் 41 புள்ளிகள். அவளே போனைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாளாம். நிறுவல் எழுதுமுன் ‘தரவு’, ‘நிறுவ வேண்டியது’ என்று இரண்டு தலைப்பிட்டு, இரண்டையும் கலக்காமல் எழுதப் பழகியிருக்கிறாள். பரீட்சை இனித்தான் வரப்போகிறது.

நீங்களும் இந்த மாதம் ஒன்று செய்து பாருங்கள். பிள்ளை மீதோ, மருமகள் மீதோ, அயலவர் மீதோ ஒரு முடிவுக்கு வருமுன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது எது? நான் முடிவாகச் சொல்ல நினைப்பது எது? இரண்டுக்கும் நடுவில் உள்ள ‘என்றால்’ எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஓடாத பக்கம் அதை இழுக்காதீர்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.